இலக்கணத்துக்கும் டாலரன்ஸ் உண்டு



மலர்க்குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டபோது நான் கவிதைதான் கொடுப்பேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். கவிதை நிறைய வந்துவிட்டதாம். அதனால் நான் பிரெஞ்சு மொழியில் உள்ள ஒரு வினைமுற்றைப் பற்றி எழுதப்போகிறேன். அதுவும் பிரெஞ்சுக்காரர்களே இப்போது பேசாத ஒரு வினைமுற்று! "எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பொண்ணுக்கு இது எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் இன்டர்வியூவும் வருகிறது, எங்கப்பாவின் லேத்தும் வருகிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது செமஸ்டரில் ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். பெயர் வேண்டாம். எழுத்துத் தேர்வில் தேறி உள்ளே போனேன். முதல் கேள்வி ஜீனர் டயோடு. சொல்லிவிட்டேன். இரண்டாவது, வேலை கிடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். "இஃப் ஐ வாஸ் செலக்டட்..." என்று ஆரம்பித்தேன். எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "வாஸ் இல்லம்மா... வேர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதோடு என் கதை முடிந்தது. அடுத்த கேள்வி பிரிட்ஜ் ரெக்டிஃபையர். லேபில் எத்தனை முறை சால்டர் பண்ணியிருப்பேன்! நாலு டயோடும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. வாய் மட்டும் திறக்கவில்லை. வாஸா வேரா, ஈஸா ஆரா என்று மண்டைக்குள் ஒரே இரைச்சல். "ஓகே, யூ மே கோ" என்றார்கள். லிஸ்டில் என் பெயர் இல்லை.

அன்றைக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இரண்டு ஆவடி வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் அப்பா ஐந்தாவது, அம்மா கையெழுத்து மட்டும். பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வீட்டுக்குப் போய் "வேர் தெரியாததால வேலை போச்சு" என்று சொன்னால் எந்த மரத்து வேர் என்று கேட்பார்கள்.

எங்கள் லைன் வீட்டின் மாடியில் பாண்டி தாத்தா இருக்கிறார். கள்ளிக்குப்பத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. வயது 85. புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். 1954 நவம்பர் 1-ல் அங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது இவருக்கு 14 வயது. பிறகு ஆவடியில் வேலை கிடைத்து வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். நான் முகத்தைத் தொங்கப்போட்டு வந்ததைப் பார்த்துக் கூப்பிட்டார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாப்பா, அந்த 'வேர்' இருக்கே, அது ஒத்தை ஆள். இங்கிலீஷ்ல அந்தக் குடும்பமே செத்துப் போயி அது ஒண்ணுதான் மிச்சம். அதையும் இப்ப வெள்ளைக்காரனே பாதிப் பேரு 'வாஸ்'னுதான் பேசுறான். எங்களுக்கு பிரெஞ்சுல குடும்பத்தோட வச்சு அடிச்சாங்க, வா காட்டுறேன்" என்று பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். அட்டை பிய்ந்துபோன நோட்டு. உள்ளே கட்டம் கட்டமாக வினைச்சொற்கள். அதற்குப் பெயர் 'ஏம்பர்ஃபே து சுப்ஜோங்க்தீஃப்'. பெயரைப் படிக்கவே எனக்கு ஒரு நாள் ஆனது.

விஷயம் இதுதான். ஆசை, பயம், சந்தேகம், கட்டளை என்று மனசுக்குள் இருப்பதைச் சொல்லும்போது பிரெஞ்சில் வினைச்சொல் வேறு வேஷம் போடும். "அவன் பேசுறான்" என்பது நடப்பு. "அவன் பேசணும்னு விரும்புறேன்" என்பது ஆசை. நாம் 'ணும்' போட்டு முடித்துவிடுகிறோம். அவர்கள் வினையையே மாற்றுகிறார்கள். சரி, மாற்றட்டும். ஆனால் "விரும்பினேன்" என்று இறந்தகாலத்தில் சொன்னால், பின்னால் வருகிற "பேச" என்பதும் இறந்தகால வேஷத்துக்கு மாற வேண்டும் என்பது பழைய சட்டம். அந்த வேஷம்தான் இந்த வினைமுற்று.

'பார்லே' என்றால் பேசுவது. அதன் ஆறு வடிவம்: பார்லாஸ், பார்லாஸ், பார்லா, பார்லாசியோன், பார்லாசியே, பார்லாஸ். முதலாவது, இரண்டாவது, ஆறாவது மூன்றும் காதுக்கு ஒன்றுதான், எழுதுவது மட்டும் வேறு வேறு. மூன்றாவதற்கு எழுத்தின் தலையில் ஒரு தொப்பி உண்டு. பழைய காலத்தில் அங்கே ஒரு 'ஸ்' இருந்ததாம். அது போய்விட்டது, தொப்பி மட்டும் நினைவுச்சின்னமாக நிற்கிறது. தொப்பியை மறந்தால் அது வேறொரு இறந்தகால வினையாகிவிடும், மார்க் போச்சு.

இதை உண்டாக்குவது எப்படி என்று கேட்டால் அதுதான் வேடிக்கை. 'பாஸே சேம்ப்ள்' என்று இன்னொரு இறந்தகாலம் இருக்கிறது. அதில் 'நீ' என்பதற்குரிய வடிவத்தை எடுத்து வால் சேர்க்க வேண்டும். அந்த பாஸே சேம்ப்ளும் புத்தகத்தில் மட்டும்தான், வீட்டில் யாரும் பேசுவதில்லை! வால்வு ரேடியோவுக்கு ஸ்பேர் தேடி ரிச்சி ஸ்ட்ரீட் போனால், அந்த ஸ்பேருக்கே ஒரு ஸ்பேர் வேண்டும் என்கிற மாதிரி.

"இதையெல்லாம் அங்க யாராச்சும் பேசுறாங்களா தாத்தா?" என்றேன். "பேசினா அடிக்க மாட்டாங்க, சிரிப்பாங்க" என்றார். அந்த 'ஆஸ்', 'ஆசியோன்' சத்தமே அவர்கள் காதுக்குக் கேலியாகப் படுமாம். 'நாம் அறிய' என்பதற்கு இந்த வடிவம் 'சூசியோன்'. 'நாம் உறிஞ்ச' என்பதும் அதே 'சூசியோன்'தான். மேடையில் நின்று "நாம் உண்மையை அறிய" என்று கம்பீரமாகச் சொன்னால் கூட்டத்துக்கு "உறிஞ்ச" என்றல்லவா கேட்கும்? அல்போன்ஸ் அலே (1854-1905) என்ற நகைச்சுவை எழுத்தாளர் பெயரில் ஒரு காதல் புலம்பல் கவிதை வழங்குகிறது. அதில் வரி வரியாக இந்த வினைமுற்றை அடுக்கியே சிரிக்க வைத்திருக்கிறார். நூறு வருஷத்துக்கு முன்பே அது ஜோக்!

நம்மிடம் இப்படி இல்லையா என்று யோசித்தேன். இருக்கிறது நண்பர்களே, வியங்கோள். வாழ்க, வருக, செல்க, தருக. அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையம் பக்கம் எந்தச் சுவரைப் பார்த்தாலும் "வருக வருக". வீட்டில் எந்த அம்மாவாவது "மகளே, சோறு உண்க" என்கிறாளா? "வந்து கொட்டிக்கோ" என்பாள், அதில் அன்பு குறையவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு வியங்கோள் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே இடம் கேள்வித்தாள்: "ஏதேனும் ஐந்து வினாக்களுக்கு விடை தருக." ஆனால் ஒரு வித்தியாசம். "தருக" என்று பேசத் தெரியாததால் தமிழ் தெரியாதவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1901 பிப்ரவரி 26-ல் பிரான்ஸ் நாட்டுக் கல்வி அமைச்சர் ழார்ழ் லேக் ஓர் ஆணை போட்டார். தேர்வு எழுதுகிறவன் சில இடங்களில் இந்தப் பழைய வினைமுற்றுக்குப் பதில் சாதாரண நிகழ்கால வடிவத்தை எழுதினால் அதைத் தவறு என்று கணக்கில் எடுக்கக் கூடாது. மறுபடி 1976 டிசம்பர் 28-ல் இன்னொரு ஆணை, இன்னும் விரிவாக. "அவன் வரணும்னு ஆசைப்பட்டேன்" என்பதைப் பழையபடியும் எழுதலாம், இன்றைய பேச்சுப்படியும் எழுதலாம், இரண்டுக்கும் மார்க் உண்டு. யார் சொன்னது? அரசாங்கமே சொன்னது. 1635-லிருந்து மொழிக்கென்று தனி அகாதெமி வைத்துக் காவல் காக்கிற நாடு அது. இந்தச் சலுகைக்கு அவர்கள் வைத்த பெயரைத் தாத்தா சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'தோலேரான்ஸ்'. நம்ம டாலரன்ஸ்!

டாலரன்ஸ் என்ற வார்த்தையை நான் பாலிடெக்னிக்கில் கற்கவில்லை. எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். சின்ன வயசில் சாப்பாடு கொண்டுபோனால் டிராயிங்கைக் காட்டுவார். இருபத்தைந்து மில்லி ஷாஃப்ட், பக்கத்தில் பிளஸ் ஆர் மைனஸ் போட்டு ஒரு சின்ன எண். அன்று ராத்திரி இந்தப் பிரெஞ்சு ஆணையை அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "பேரிங் உக்கார்ற இடத்துல மைக்ரோமீட்டர் வச்சுப் பார்க்கணும். அங்க விட்டா மெஷினே போயிடும். வெளிய சும்மா நிக்கிற எடத்துல அவ்ளோ வேணாம், ஸ்கேல் வச்சுப் பார்த்தாப் போதும். எல்லா எடத்துலயும் ஒரே டைட் கேக்கறவன் மெஷின் ஓட்டினவனா இருக்க மாட்டான்."

ஐந்தாவது படித்தவர் சொன்ன இந்த வார்த்தைக்கு மேல் இலக்கணத்தைப் பற்றி எனக்கு யாரும் விளக்கியதில்லை. ரெசிஸ்டரில் தங்கப் பட்டை இருந்தால் ஐந்து சதவீதம் முன்னேபின்னே இருக்கலாம் என்று நாமும்தான் படிக்கிறோம். டயோடைத் திருப்பிப் போட்டால்? சர்க்யூட் வேலை செய்யாது. அங்கே டாலரன்ஸ் கிடையாது. நான் டயோடைத் திருப்பிச் சொல்லியிருந்தால் என்னை வெளியே அனுப்பியது நியாயம். 'வாஸ்' என்று சொன்னதால் எந்த சர்க்யூட் நின்றது?

என் தோழி ஒருத்தி இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் பிளஸ் டூ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவள். பிளஸ் ஒன், பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவள். நம்ம ஊரில் அது எதற்கு என்று உங்களுக்கே தெரியும், மார்க்குக்குத்தான். 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து பத்தாவது வரை தமிழ் கட்டாயம் ஆனது, அதற்கு மேலே இந்த வழி இன்னும் திறந்திருக்கிறது. "நீ தப்பை நியாயப்படுத்துறே. கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணினவங்க முட்டாளா?" என்று சண்டைக்கு வந்தாள். "சரிடீ, தண்ணி வேணும்னு பிரெஞ்சுல கேளு" என்றேன். யோசித்தாள், யோசித்தாள்... வினைமுற்று அட்டவணை வந்தது, தண்ணி வரவில்லை. பாவம், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவள். அவள் தப்பு அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் அவள் கேட்டதில் பாதி சரி. வோல்தேரையும் மொப்பஸானையும் பிரெஞ்சில் படிக்க வேண்டுமானால் இந்த வினைமுற்றைப் பார்த்த இடத்தில் அடையாளம் தெரிய வேண்டும். பழைய புத்தகம் அதில்தான் இருக்கிறது. அடையாளம் தெரிவது வேறு, அதை வைத்து ஒருவன் வாயை அடைப்பது வேறு.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. வீட்டுப் பிள்ளை தட்டைக் கழுவாமல் எழுந்து போனால் யாரும் கேட்பதில்லை, விருந்தாளி அப்படிப் போனால்தான் பேச்சு வரும். பிரெஞ்சுக்காரன் தன் வினைமுற்றைத் தானே தூக்கிப் போட்டான். வெளியிலிருந்து போனவன்தான் அதைத் தலையில் தூக்கிச் சுமந்தான். செனகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோரைப் பாருங்கள். ஆப்பிரிக்கர். 1935-ல் பிரெஞ்சு இலக்கணத்தில் அந்த நாட்டின் மிகக் கடினமான ஆசிரியத் தேர்வில் தேறினார். 1983-ல் அகாதெமிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார், முதல் ஆப்பிரிக்கர் அவர்தான். பெரிய கவிஞர், எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் தலைவராக இருந்தபோது 1977-ல் செம்பேன் எடுத்த 'செத்தோ' என்ற படத்துக்குத் தடை வந்தது. சொன்ன காரணம், தலைப்பில் ஓர் எழுத்து இரண்டு முறை வருகிறது, ஒரு முறைதான் வர வேண்டும்! இலக்கணத்தால் மேலே ஏறியவர் கையில் அதே இலக்கணம் பிரம்பாகிவிட்டதே என்று இருந்தது. நாமும் நாளைக்கு இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன செய்வோமோ!

இதற்கு எதிர்த்திசையில் ஒருவர் இருக்கிறார், அல்பேர் காம்யூ. அல்ஜீரியாவில் பிறந்தவர். அப்பா 1914 போரில் இறந்தார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வீட்டு வேலை செய்து வளர்த்தார். நம்ம கேஸ்தான். அவர் 1942-ல் எழுதிய நாவலைக் க்ரியா வெளியீடாக வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே தமிழில் தந்திருக்கிறார், பெயர் 'அந்நியன்' (விக்ரம் படம் இல்லை!). கதை என்றால் பாஸே சேம்ப்ளில்தான் எழுத வேண்டும் என்று இருந்த காலத்தில், ஜனங்கள் வாயில் புழங்கும் இறந்தகாலத்தில் அந்தக் கதையைச் சொன்னார். 1957-ல் நோபல் பரிசு கிடைத்ததும் தன் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ழெர்மேனுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அந்த வாத்தியார் இல்லாவிட்டால் அந்தப் பையனும் ஏதோ பட்டறைக்குத்தான் போயிருப்பான்.

தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் அமலுக்கு வந்தபோது, புதுச்சேரியில் பிறந்து அங்கேயே இருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தானாகவே இந்தியர் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சாகவே இருக்கிறேன் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். தாத்தாவின் அண்ணன் எழுதிக் கொடுத்தார், கப்பல் ஏறினார். தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. ஒருநாள் பாடம் நடக்கும்போது, "இந்த வினைமுற்று வேஸ்ட்தானே தாத்தா?" என்றேன். நோட்டை மூடிவிட்டு "ஜ்யூஸ் ஒப்தே" என்றார். எனக்கு ஜூஸ் கேட்கிறார் என்று பட்டது. எழுந்தே விட்டேன்! "உக்காரு பாப்பா" என்றார். நடக்காமல் போனதைச் சொல்லவும் பழைய பிரெஞ்சில் இந்த வினைமுற்றுதான் கைகொடுக்குமாம். அவர் சொன்னதற்கு அர்த்தம், "நான் எழுதிக் கொடுத்திருப்பேன்." எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "தமிழ்ல இதுக்கு ஒரு 'இருந்தா' போதும், பள்ளிக்கூடத்துக்கே போக வேணாம்" என்றார்.

இனி என் கோரிக்கை. மாணவர் பேரவைக்கும், நம் கம்யூனிகேஷன் லேப் ஆசிரியர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மாக் இன்டர்வியூ நடத்தும்போது ஒருவன் பேசிக்கொண்டிருக்கையில் பாதியில் திருத்தாதீர்கள். முழுசாகப் பேசி முடிக்கட்டும். பிறகு தனியாகக் கூப்பிட்டு, எது பேரிங் உட்காரும் இடம், எது சும்மா வெளியில் நிற்கும் இடம் என்று சொல்லிக் கொடுங்கள். 'நாட்' போட மறந்தால் அர்த்தமே தலைகீழாகும். ஓமையும் கிலோ ஓமையும் மாற்றிச் சொன்னால் போர்டே புகையும். அதை விடக் கூடாது. 'வாஸ்', 'வேர்' எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு ஒரு தடவை வாய் மூடினால் மறுபடி திறக்க எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

இரண்டாவது, பேரவை சார்பில் வாரம் ஒரு நாள் பிரெஞ்சு வகுப்பு. இதனால் வேலை கிடைக்கும் என்று ஆசை காட்டமாட்டேன். ஒரகடத்தில் ரெனோ (நம்ம அம்பத்தூர் ஒரகடம் இல்லை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஒரகடம்!), தேர்வாய் கண்டிகையில் மிஷ்லேன் டயர், ஸ்ரீபெரும்புதூரில் சேன் கோபேன் கண்ணாடி என்று பிரெஞ்சுக் கம்பெனிகள் நம்மைச் சுற்றி இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே டிப்ளமோக்காரனிடம் யாரும் பிரெஞ்சு கேட்பதில்லை என்று அங்கு வேலை பார்க்கும் சீனியர் அண்ணன் சொன்னார். நான் கேட்பது வேறு காரணத்துக்காக. எல்லாரும் ஒரே நாளில் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும் மொழி அது. கான்வென்டில் படித்தவனும் கார்ப்பரேஷன் பள்ளியில் படித்தவளும் சேர்ந்து உளறலாம். உளறிப் பழகினால் இங்கிலீஷிலும் பயம் போகும். எனக்குப் போயிருக்கிறது. போன மாதம் வைவாவில் நாலு தப்போடு பிரிட்ஜ் ரெக்டிஃபையரை முழுசாகச் சொல்லிவிட்டேன்.

ஆசிரியருக்குச் செலவில்லை. பாண்டி தாத்தாவிடம் கேட்டுவிட்டேன், வியாழக்கிழமை நாலு மணிக்கு வர ஒப்புக்கொண்டார். முதல் ஆறு மாதம் பேச்சு மட்டும்தான், அந்த நோட்டைக் கொண்டுவரக் கூடாது என்று நான் நிபந்தனை போட்டிருக்கிறேன். அவருக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. அதனால் கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை வேண்டும். கள்ளிக்குப்பத்திலிருந்து வந்துபோக ஆட்டோ காசைப் பேரவை கொடுத்தால் போதும்.